பழைய எக்ஸ்பியும் புது லேப்டாப்பும் ஏன் பேசிக்க மாட்டேங்குது? (இழை)

மக்களே, இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்ல. ஆனா ஆஸ்பத்திரி நடுவுல வரும், படிங்க.

நிறைய வீட்டுல பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு துணி மூடிக் கிடக்கும். உள்ள 15 வருஷ போட்டோ இருக்கும். புது லேப்டாப்ல இருந்து அதைத் திறந்தா, "பாதுகாப்பில்லை, இணைக்க முடியாது"ன்னு வரும்.

முதல்ல நாடி பாருங்க. பழையதுல ஐபிகான்ஃபிக் போட்டு ஐபி எண்ணை எடுத்து, புதுசுல இருந்து பிங் பண்ணுங்க. பதில் வந்தா வயரும் ரவுட்டரும் ஓகே. வரலைன்னா உடனே வயரைப் பிடுங்காதீங்க, ஃபயர்வாலும் பிங்கைத் தடுக்கும்.

பழையது விண்டோஸ் 7ஆ? அப்ப பெரும்பாலும் பாஸ்வேர்டு பிரச்சினைதான். பாஸ்வேர்டே இல்லாத அக்கவுண்ட்டை நெட்வொர்க் வழியா விண்டோஸ் உள்ள விடாது. பழையதுல ஒரு பாஸ்வேர்டு வைங்க, அந்தப் பேரையும் பாஸ்வேர்டையும் புதுசுல கொடுங்க. லேப்டாப் திறக்கப் போடுற பின் நம்பர் இங்க செல்லாது.

எக்ஸ்பின்னா கதை வேற. அதுக்குத் தெரிஞ்ச ஒரே பாஷை எஸ்எம்பி 1. புது விண்டோஸ்ல 2017 கடைசியில இருந்தே அது இயல்பா இருக்காது. "அதை ஆன் பண்ணிடுங்க சார், ரெண்டு நிமிஷ வேலை"ம்பாங்க. வேணாம்.

ஏன்னா 2017 மே 12. வான்னாக்ரை அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான் கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் பரவிச்சு. பிரிட்டன் அரசு மருத்துவமனைகள்ல 19,000க்கும் மேல அப்பாயிண்ட்மென்ட், ஆபரேஷன் ரத்தாகியிருக்கும்னு அந்நாட்டு தணிக்கை அலுவலகத்தோட அறிக்கையில இருக்கு. ஆம்புலன்ஸை வேற ஆஸ்பத்திரிக்குத் திருப்பி விட்டாங்க. எல்லாரும் எக்ஸ்பியைத் திட்டினாங்க. அங்க மாட்டினதுல பெரும்பாலானவை அப்டேட் போடாத விண்டோஸ் 7. அதுக்கான பேட்ச் மார்ச்லயே வந்துடுச்சு! தடுப்பூசி வந்தும் போட்டுக்காத கேஸ். ஒரு டாக்டரா எனக்கு ரொம்பப் பழக்கமான கோபம்.

எங்க வீட்டு எக்ஸ்பியில இருந்தது அம்மா போட்டோஸ். அம்மா இப்ப இல்ல. வேற காப்பியும் இல்ல. அப்பா தினமும் "எடுத்துட்டியாப்பா"ன்னு கேப்பாரு. நெட்வொர்க்கோட மல்லுக்கட்டாம ஹார்ட் டிஸ்கையே கழட்டிட்டேன். அகலப் பட்டை கேபிள்னா ஐடிஇ, ஒல்லின்னா சாட்டா. அதுக்கேத்த யூஎஸ்பி அடாப்டர் வாங்குங்க. டெஸ்க்டாப் டிஸ்க்னா தனி பவர் வேணும், அடாப்டரோட பவர் கேபிள் வருதான்னு பாத்து வாங்குங்க.

கழட்ட பயமா? பென்டிரைவ் போதும். ஆனா ஃபேட் 32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் ஏறாது. கல்யாண வீடியோ அங்கதான் மாட்டும்.

ஒரே ஒரு எமர்ஜென்சி. டிஸ்க் "டிக் டிக்"னு சத்தம் போட்டா திரும்பத் திரும்ப ஆன் பண்ணாதீங்க. அப்படியே அணைச்சு, டேட்டா ரெக்கவரி பண்றவங்ககிட்ட கொண்டு போங்க.