நாலு மேசை போதும்

சென்னைப் புறநகர் கோவிலம்பாக்கத்தில் மெக்சிகன் சாப்பிட ஆசை வந்தால் வண்டியை எடுத்தாக வேண்டும். வேளச்சேரி மால் பக்கம் போகலாம். ரேடியல் ரோட்டைப் பிடித்தால் துரைப்பாக்கம், அங்கிருந்து ஓ.எம்.ஆர். மேடவாக்கம் மெயின் ரோடு முழுக்க மெட்ரோ வேலை; அதைக் கடப்பதற்குள் பசி அடங்கிவிடும். ஆப்பில் வரவழைக்கலாம்தான். ஆனால் டாக்கோ பார்சலுக்கு ஏற்ற பண்டம் இல்லை. மொறுமொறு ஓடு வாசலுக்கு வருவதற்குள் நமத்துப்போகிறது, தக்காளிச் சாறு அடியில் இறங்கிப் பெட்டியையும் நனைக்கிறது. சுட்ட சூட்டோடு, உட்கார்ந்து சாப்பிட வேண்டியது அது. எனக்கு வேண்டியதும் அந்த உட்காரும் இடம்தான்.

*

சென்னைக்கு இந்தச் சாப்பாடு நேற்று வந்ததல்ல. கதீட்ரல் ரோட்டில், ஹாட் பிரெட்ஸ் மாடியில் 'டான் பெப்பே' என்றொரு கடை இருந்தது. டாக்கோ பெல் தன் முதல் இந்தியக் கடையை 2010-ல் பெங்களூரில் திறந்தது. இன்று இங்கே கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் டெக்ஸ்-மெக்ஸ்: எல்லைக்கு வடக்கே, டெக்சாஸ் மெக்சிகர்கள் அங்கே கிடைத்ததை வைத்து உருவாக்கிய சமையல். மைதா ரொட்டி, மஞ்சள் சீஸ், சீரகத்தூள். அதை மட்டம் தட்ட எனக்கு மனமில்லை. பிழைக்கப் போன இடத்தில் உருவான சமையலுக்கு ஒரு மரியாதை உண்டு; மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நம் ஆட்கள் செய்ததும் அதுதானே.

*

பரிட்டோ கவுண்டரில் நின்று பார்த்தது. மைதா ரொட்டியை அழுத்தும் கருவியில் வைத்து எடுக்கிறார்கள். ஆவி பட்டதும் துணி மாதிரி தொங்குகிறது. நடுவில் சோறு, மேலே ராஜ்மா, பனீர் அல்லது கோழி, சோளம், புளித்த க்ரீம். இரண்டு பக்கத்தையும் உள்ளே மடித்து, கட்டை விரலால் நிரப்பியதைப் பின்னுக்கு இழுத்து இறுக்கி உருட்டுகிறார் அந்தப் பையன். இறுக்கம் குறைந்தால் பாதியில் அவிழ்ந்து கொட்டிவிடும். அந்த இழுப்பில்தான் இருக்கிறது மொத்த வித்தையும். "காரம் தூக்கலா போடவாண்ணா?" என்று கேட்டார். எல்லோரிடமும் கேட்கிறார், எல்லோரும் போடச் சொல்கிறார்கள்.

*

மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், கொய்யா, சப்போட்டா. இவையெல்லாம் மெக்சிகோவும் அதைச் சூழ்ந்த அமெரிக்க நாடுகளும் உலகத்துக்குக் கொடுத்தவை. கொலம்பஸுக்கு முன்னால் நம் ரசத்தில் தக்காளியும் இல்லை, மிளகாயும் இல்லை; மிளகுதான் காரம்.

பட்டர் ஃப்ரூட்டும் அங்கிருந்து வந்ததுதான். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் அந்த மரங்களைப் பார்க்கலாம். நம் ஜூஸ் கடைகளில் அதைப் பாலும் சர்க்கரையும் போட்டு அடித்துக் கொடுக்கிறார்கள். மெக்சிகோவில் கல்லுரலில் பச்சை மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி, உப்பு சேர்த்து மசித்து, எலுமிச்சை பிழிகிறார்கள். இதற்குக் கடையே வேண்டாம், வீட்டில் செய்யலாம். பழத்தைக் காம்புப் பக்கம் லேசாக அமுக்கினால் விட்டுக்கொடுக்க வேண்டும், அதுதான் பதம்.

*

மேடவாக்கம் மெயின் ரோட்டில் ராத்திரி நடந்தால் ஷவர்மா கம்பி சுற்றாத இடம் இல்லை. அதே கம்பி மெக்சிகோவுக்கும் போயிருக்கிறது. லெபனான் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள் புவெப்லா நகருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆட்டுக்கறி பன்றிக்கறியானது, காய்ந்த மிளகாய் விழுது சேர்ந்தது, ரொட்டிக்குப் பதில் டார்ட்டியா என்கிற சோள ரொட்டி வந்தது. அதன் பெயர் டாக்கோஸ் அல் பாஸ்டர். மெக்சிகோ நகரத்தில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். மேலே போடுவது பச்சை வெங்காயம், கொத்தமல்லி, ஒரு துண்டு அன்னாசி, எலுமிச்சை. மயோனைஸ் கிடையாது.

பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டபோது நம் ஷவர்மா கடைக்காரர்கள் தவித்தார்கள். அதற்குப் பதில் தக்காளியையும் மிளகாயையும் பூண்டையும் தோசைக்கல்லில் கருகச் சுட்டு அரைத்த சல்சா ஒன்று போதும். கோழிக்கும் அது நன்றாகவே சேரும்.

*

இனி குடிக்கும் இடம், பார். மெக்சிகோவில் அக்கம்பக்கத்துக் குடிக்கடைக்குக் கான்டினா என்று பெயர். பல கான்டினாக்களில் குடிக்கு வாங்குகிற காசிலேயே தின்பண்டம் வரும். அடுத்த கிளாஸுக்கு அடுத்த தட்டு. 1980-களின் தொடக்கம் வரை மெக்சிகோ நகரக் கான்டினாக்களில் பெண்களுக்கு அனுமதி இல்லை. சட்டம் மாறியது, இன்று ஞாயிறு மதியம் குடும்பத்தோடு போய்ச் சாப்பிடும் இடங்களாகப் பல மாறியிருக்கின்றன.

இங்கே? 1983-ல் டாஸ்மாக் வந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்குப் போனது. ஓட்டலிலோ மன்றத்திலோ பார் வைக்கத் தனித்தனி உரிமம் உண்டு. நாலு மேசை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அது எட்டாது. ஆகவே குடிக்கிறவருக்கு டாஸ்மாக் பார்: ஈரத் தரை, பிளாஸ்டிக் டம்ளர், சுண்டல், ஆம்லெட், மாங்காய்த் துண்டு. பக்குவமாகச் செய்த சுண்டல்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே அக்காவையோ மனைவியையோ கூட்டிக்கொண்டு போய் உட்கார முடியாது. குடி எத்தனை குடும்பங்களை அழித்திருக்கிறது என்பது தெரியும். கடைகளை இன்னும் கூட்டுங்கள் என்று கேட்கவில்லை. சாப்பாட்டோடு, பேச்சோடு, பெண்களும் இருக்கும் இடத்தில் மனிதர்கள் நிதானமாகக் குடிப்பார்கள் என்று நம்புகிறேன்.

*

கள்ளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அவற்றில் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் தென்னையில் கள் இறக்கும் தொழிலை மெக்சிகோவின் மேற்குக் கரைக்குக் கொண்டுபோனார்கள். கொலிமா ஊர்த் தெருக்களில் இன்றும் 'துபா' என்று அதை விற்கிறார்கள், மேலே வேர்க்கடலை தூவி. தென்னை நம்முடையது, ஏறத் தெரிந்த கைகளும் நம்முடையவை, ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

புளியும் அப்படிக் கடல் கடந்ததுதான். புளியைக் கரைத்துச் சர்க்கரை போட்டு, பெரிய கண்ணாடி ஜாடியில் ஐஸ் மிதக்க விற்கிறார்கள் மெக்சிகோவில். நம் பானகத்துக்கும் அதற்கும் முக்கிய வித்தியாசம் வெல்லம்தான்.

*

ஆகவே என் கடை இப்படி. ஈச்சங்காடு பக்கமோ வெள்ளக்கல் பக்கமோ, மெயின் ரோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே. நாலு மேசை, ஒரு தோசைக்கல், ஒரு கம்பி. கோழி டாக்கோ, காளான் டாக்கோ, ராஜ்மா. இரண்டு சல்சா, ஒன்று காரம், ஒன்று அதைவிடக் காரம். பீர் இல்லாவிட்டால் போகட்டும், புளிப் பானகம் இருக்கட்டும்.

ஒன்றே ஒன்றுதான் கிடைக்கவில்லை: சோள டார்ட்டியா. மக்காச்சோளம் நம்மிடம் இல்லாமல் இல்லை. பெரம்பலூரில் ஏக்கர் ஏக்கராக விளைகிறது, விளைந்ததில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. மக்காச்சோள மாவை அப்படியே பிசைந்தால் ரொட்டி தட்டும்போது விரிந்து உடையும். மெக்சிகோப் பெண்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்த வழி, சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, தோலைக் கழுவித் தள்ளி, ஈரமாகவே அரைப்பது. மாவு ஒட்டிக்கொள்கிறது, மணம் வருகிறது. அதைவிட முக்கியம், சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் உடம்பில் சேர்கிறது. சுண்ணாம்பை விட்டுவிட்டுச் சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்ட இத்தாலியிலும் அமெரிக்கத் தென்பகுதியிலும் ஏழைகள் நியாசின் பற்றாக்குறையால் வரும் பெலாக்ரா நோயில் செத்தார்கள்.

அரைக்க என்ன வேண்டும்? கிரைண்டர். அது இங்கே தெருவுக்கு ஒரு மாவுக்கடையில் ஓடுகிறது. எங்கள் மாவுக்கடை அண்ணனிடம் கேட்டேன். ஊறவைத்த சோளத்தை விரலில் நசுக்கிப் பார்த்தார், முகர்ந்தார். "அரைச்சிடலாம் சார். தண்ணி கம்மியா விடணும், கல்லு திணறும். ஆனா சுண்ணாம்பு போட்டதை இட்லி மாவு அரைக்கிற கல்லுல போட மாட்டேன். தனிக் கல்லு வாங்கிக் கொடுங்க, தினம் காலையில அரைச்சுத் தர்றேன்" என்றார்.