தைக்கும் நேரம்

கருப்பைக் கட்டியைக் கழற்றி எடுப்பது பெரிய வித்தை இல்லை. புதிதாக வரும் இளம் டொக்டர்கள் இதை நம்புவதில்லை. வெட்டு சரியான தளத்தில் விழுந்துவிட்டால், பலாச்சுளையைப் பிரிப்பதுபோல விரல் நுனியாலேயே சுற்றிக் கழற்றிவிடலாம். சுருள் சுருளான நாரோடு, வெள்ளையாக, உருண்டு கைக்கு வந்துவிடும். அது இருந்த இடத்தில் ஒரு குழி மிஞ்சும். என் தொழில் அந்தக் குழியில்தான் தொடங்குகிறது.

பொகவந்தலாவைப் பக்கமிருந்து கிளினிக்குக்கு வந்த ஒரு அக்காவை நினைக்கிறேன். வயது 34, கல்யாணமாகி ஒன்பது வருடம், பிள்ளை தங்கவில்லை. வயிறு ஐந்து மாதக் கர்ப்பம்போல் இருந்தது. உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "டொக்டரம்மா, பைய எடுத்துறாதீங்க. கட்டிய மட்டும் எடுங்க."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பே இல்லை. ஹீமோகுளோபின் 6. பன்னிரண்டாவது இருக்க வேண்டியது. மாதம் பத்து நாள் இரத்தம் கட்டி கட்டியாகப் படுகிறது. துணியை மூன்றாக மடித்துக் கட்டிக்கொண்டு மலையேறிக் கொழுந்து பறித்திருக்கிறார். "எல்லாருக்கும் இப்படித்தானே?" என்று கேட்டார். டிக்கோயாவில் 2017 மே மாதம் இந்திய உதவியோடு 150 கட்டில்களுள்ள வைத்தியசாலை திறந்தார்கள். அதற்குப் பிறகும் எங்கள் பெண்கள் பிந்தித்தான் வருகிறார்கள். கிளினிக்குக்கு வரும் நாளில் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை என்பதுதான் காரணம்.

அவரை உடனே மேசையில் ஏற்றவில்லை. இரத்தம் இல்லாத உடம்பில் இந்த வெட்டைப் போடுவது பாவம். மூன்று மாதம் இரும்பு மாத்திரை, படுவதைக் குறைக்க மருந்து. தேயிலைச் சாயம் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. காலையில் ரொட்டியோடு ஒரு சாயத்தண்ணி, மத்தியானம் சோறு முடிந்ததும் இன்னொன்று என்று குடித்துப் பழகிய மக்களிடம் இதை மெதுவாகத்தான் சொல்ல வேண்டும். குடிக்க வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது விடுங்கள், மாத்திரையைத் தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள் என்கிறேன். அவர் அப்படியே செய்தார். மூன்றாம் மாதம் 11.

கட்டி என்றால் கருப்பையையே எடுத்துவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில், கட்டியை மட்டும் எடுப்பதற்காக வாதாடியவர் லண்டன் சத்திரசிகிச்சை நிபுணர் விக்டர் பானி. அவருடைய மனைவியே கட்டியால் கருப்பையை இழந்தவர். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இரத்தக் குழாய்களை அழுத்திப் பிடிக்க பானி ஒரு கவ்வியை உருவாக்கினார். 1946இல் இந்தச் சிகிச்சையின் நுணுக்கங்களைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். அந்தக் கவ்வி எங்களிடம் இல்லை. சிறுநீர் போக வைக்கும் ரப்பர் குழாயைக் கருப்பையின் கழுத்தில் சுற்றி இறுக்குவேன். அதே வேலையைச் செய்யும்.

முன்பக்கம், நடுவில், ஒரே வெட்டு. பின்பக்கம் வெட்டினால் குடலும் கருக்குழாயும் வந்து ஒட்டிக்கொள்ளக்கூடும். கட்டியை எடுத்தும் பிள்ளைக்கு வழியில்லாமல் போகலாம். அந்த ஒரு வாசல் வழியாகவே ஏழு கட்டிகள் வந்தன. பிறகு தையல். அடியிலிருந்து மூன்று அடுக்கு; கடைசி அடுக்கில் நூல் வெளியே தெரியாதபடி ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்க வேண்டும். ரப்பரைத் தளர்த்தினேன். வெளுத்துக் கிடந்த கருப்பை மெல்ல ரோஜா நிறத்துக்குத் திரும்பியது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்த நேரத்தில் என் மனம் நிறைந்துவிடுகிறது.

ஆரம்ப காலத்தில், வேறோர் ஊரில், ஒரு குழியின் அடியைச் சரியாக மூடாமல் மேலே தைத்துவிட்டேன். இரண்டாம் இரவு உள்ளே இரத்தம் தேங்கி, மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணின் கருப்பையைக் காப்பாற்ற முடியவில்லை. தவறு என்னுடையது. இன்றுவரை, அடியில் வெற்றிடம் இல்லையென்று விரல் வைத்துப் பார்க்காமல் அடுத்த அடுக்குக்கு நான் போவதில்லை.

பொகவந்தலாவை அக்கா வீட்டுக்குப் போகும்போது கேட்டார்: "கூடை எப்பம்மா தூக்கலாம்?" ஆறு கிழமை கூடாது என்று துண்டு எழுதிக் கொடுத்தேன். பதினைந்து, பதினெட்டுக் கிலோ பச்சைக் கொழுந்தை நெற்றியில் கயிறு மாட்டி, ஈரச் சரிவில் இறக்கும் வேலை அது. கங்காணிமாரே, கணக்கப்பிள்ளைமாரே, அந்தத் துண்டை வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். கையோடு செய்யும் லேசான வேலையாகப் பார்த்துக் கொடுங்கள்.

அக்காமாரே, தங்கச்சிமாரே, கட்டி கட்டியாகப் படுகிறதென்றால் அதே மாதம் வந்துவிடுங்கள். சத்திரசிகிச்சை முடிந்தவர்கள் கையில் கொடுத்த கார்டை லயத்துக் கூரை ஒழுகாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். பிள்ளை தங்கினால் முதல் வேலையாக அதை மருத்துவிச்சியிடம் காட்டுங்கள். வெட்டு எவ்வளவு ஆழம் போனது என்று அதில் எழுதியிருக்கும். வலி வரும்வரை காத்திருக்கலாமா, முன்பே சிசேரியன் செய்ய வேண்டுமா என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம்.