கோயில் பேரும் கூகள் தேடலும்: நாங்க செஞ்ச தப்பு, கத்துக்கிட்ட பாடம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. படிச்சு முடிச்சதும் உங்க ஊர்க் கோயில் நிர்வாகத்துக்கும் அனுப்பி வைங்க.

2024-ஆம் வருஷத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது சிகாமட்டில் இருந்து ஒரு பாட்டி போன் பண்ணாங்க. நம்ம தோட்டத்து லயத்துல பிறந்து வளர்ந்தவங்க. வருஷம் தவறாம பால்குடம் எடுக்க வர்றவங்க. தபால்ல போன அழைப்பிதழ் கையில் கிடைச்சதும், முழு நிகழ்ச்சி நிரலைப் பார்க்கணும்னு அதுல இருந்த கியூஆர் கட்டத்தைப் பேரன்கிட்ட காட்டியிருக்காங்க. அவன் கைப்பேசியில் என்ன வந்துச்சோ, பாட்டி எங்ககிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க.

"தம்பி, ஆத்தா கோயில்ல சூதாட்டம் போட்டுட்டீங்களா?"

நாங்களும் ஸ்கேன் பண்ணிப் பார்த்தோம். முகவரியில் நம்ம கோயில் பேரு. அதுக்குக் கீழே ஸ்லாட் மெஷின் படங்கள், பணம் கொட்டுற மாதிரி விளம்பரம், உறுப்பினராகச் சொல்லி ஒரு பட்டன். 600 அழைப்பிதழ் ஏற்கெனவே வீடு வீடா போயாச்சு. அன்னிக்கு ராத்திரி எங்க யாருக்கும் சோறு இறங்கல.

இது எப்படி நடந்துச்சுன்னு சொல்றோம். தப்பு எங்களோடது. மறைக்க ஒண்ணும் இல்ல.

எங்க தொண்டூழியர் குழுவில் யாரும் கணினி படிச்சவங்க இல்ல. தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவங்க, லோரி ஓட்டுறவங்க, ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை, அவ்வளவுதான். எஸ்.பி.எம். தாண்டினவங்க குறைவு. தோட்டம் கைமாறி, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, சனங்க தாமானுக்குக் குடி போனப்ப ஆத்தாவையும் சாலையோரத்துக்குக் கொண்டு வந்து வெச்சோம். ஆனா கூகள் வரைபடத்துல கோயில் பழைய இடத்துலயே இருந்துச்சு. ஒரு வருஷம் வெளியூர்க் குடும்பம் ஒண்ணு அதை நம்பிச் செம்பனைக் காட்டுக்குள்ள காரை விட்டுச் சுத்திச் சுத்தி, இங்க வந்து சேரும்போது தீபாராதனை முடிஞ்சிருச்சு. கையில் நேர்த்திக்கடன் சேலையோட அந்த அம்மா வாசல்ல நின்னது இன்னும் கண்ணுக்குள்ளயே இருக்கு.

அதனால 2019-ல அகப்பக்கம் ஒண்ணு வேணும், தேடினா நம்ம கோயில் முதல்ல வரணும்னு முடிவு பண்ணோம். தெரிஞ்சவர் மூலமா ஒருத்தர் வந்தார். "வருஷத்துக்கு 1,800 வெள்ளி கொடுங்க. 300 இணைப்பு போட்டுத் தர்றேன். கூகள்ல முதல் பக்கம் உத்தரவாதம்" என்றார். உண்டியல் பணம். செயலவையில் பேசி, நாங்கதான் கையெழுத்துப் போட்டோம். இணைப்புன்னா கோபுரத்துல மாட்டுற சீரியல் பல்பு மாதிரி, எண்ணிக்கை கூடக் கூட வெளிச்சம் கூடும்னு நினைச்சோம்.

இணைப்புன்னா என்னன்னு பின்னாடிதான் புரிஞ்சுக்கிட்டோம். ஓர் அகப்பக்கத்துல இருந்து இன்னோர் அகப்பக்கத்துக்குப் போறதுக்கு வைக்கிற வழிதான் இணைப்பு. 1998-ல அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல படிச்சிக்கிட்டிருந்த லாரி பேஜ், செர்கே பிரின் இரண்டு பேரும் கூகளை ஆரம்பிச்சப்ப, பேஜ்ரேங்க் என்ற முறையைத்தான் அடிப்படையா வெச்சாங்க. ஒரு பக்கத்தை எத்தனை பேர் சுட்டிக் காட்டுறாங்க என்பது மட்டும் கணக்கு இல்ல. சுட்டிக் காட்டுறவங்களுக்கு எவ்வளவு மதிப்பு இருக்குன்னும் பார்க்கணும். இன்னிக்கு கூகள் இன்னும் எத்தனையோ விஷயத்தைப் பார்க்குது. ஆனாலும் இணைப்புக்கு இன்னமும் மதிப்பு உண்டு.

நம்ம வழக்கத்துல சொன்னா, சம்பந்தம் பேசப் போகும்போது ஊர்ல நாலு பேர்கிட்ட விசாரிப்போம் இல்லையா? அந்த நாலு பேர் யாருன்னும் பார்ப்போம். காசு வாங்கிட்டு நல்லபடியா சொல்றவன் பேச்சை யாரும் எடுத்துக்க மாட்டோம்.

மலாக்கா பட்டணத்துல ஜாலான் துக்காங் எமாஸ்ல இருக்கிற ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தையே பாருங்க. 1781-ல மலாக்கா செட்டிச் சமூகத்தார் கட்டினது. அந்த வரிசையிலேயே பள்ளிவாசலும் சீனர் கோயிலும் இருக்கு. மாசி மகத்துக்கு அங்கிருந்து சாமி புறப்பட்டு செங் சன்னாசிமலைக்குப் போறதை உங்கள்ல பல பேர் கூடவே நடந்து பார்த்திருப்பீங்க. 2008 ஜூலையில் மலாக்காவை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமா அறிவிச்ச பிறகு அந்தத் தெருவுக்கு வெளிநாட்டுக்காரங்க வரத்தும் இருக்கு. வந்தவங்க எழுதுறாங்க, படம் போடுறாங்க, மத்தவங்களுக்கு வழி சொல்றாங்க. இருநூறு வருஷத்துக்கு மேல ஊர் பேசின பேச்சு அது. 300 இணைப்பு விலைக்கு வாங்கி அந்தப் பேரைச் சம்பாதிக்க முடியுமா?

எங்களுக்கு வந்த 300 இணைப்பையும் ஒருநாள் உட்கார்ந்து ஒவ்வொண்ணா திறந்து பார்த்தோம். மாத்திரை விக்கிற பக்கம், ஹோட்டல் விளம்பரம், என்ன மொழின்னே தெரியாத பக்கங்கள். ஒரு பக்தர்கூட அந்த வழியா வந்திருக்க மாட்டார். தொழிற்சாலையில் பொருளைச் சோதிக்காமலேயே பாஸ் ஸ்டிக்கர் ஒட்டினா அவனுக்கு அன்னிக்கே எச்சரிக்கைக் கடிதம் போகும். நாங்க காசு கொடுத்து வாங்கினது அந்த மாதிரி ஸ்டிக்கர்தான். தேடலில் முன்னாடி வர்றதுக்காக இணைப்பை விலைக்கு வாங்குறது கூகளோட விதிக்கே விரோதம். 2012 ஏப்ரல்ல பெங்குயின்னு ஒரு மாற்றம் கொண்டு வந்து, இப்படி இணைப்பு வாங்கினவங்களைக் கீழே தள்ளினாங்க. முதலிடத்தை யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாதுன்னு கூகளே தன் வழிகாட்டியில் எழுதி வெச்சிருக்கு. நாங்கதான் படிக்கல.

பலன் இல்லன்னதும் பணம் கட்டுறதை நிறுத்தினோம். அப்பத்தான் அடுத்த தப்பு. அகப்பக்கத்தோட பேரு யார் பேர்ல பதிவாகியிருக்குன்னு நாங்க கேட்கவே இல்ல. அது அந்த மனுஷன் பேர்ல இருந்திருக்கு. அவர் புதுப்பிக்கல. 2023-ல காலாவதியாகிப் போச்சு. காலாவதியான பேரு சந்தைக்கு வந்ததும் யாரோ வாங்கிட்டாங்க. 2024 அழைப்பிதழை அடிக்கும்போது பழைய அழைப்பிதழையே எடுத்துத் தேதியை மட்டும் மாத்தினோம். கியூஆர் கட்டத்தை ஒருத்தரும் திறந்து பார்க்கல. தொழிற்சாலையில் முதல் பீஸைச் சோதிக்காம மெஷினை ஓட விடமாட்டோம். கோயில் வேலைன்னா மட்டும் ஆத்தா பார்த்துக்குவான்னு விட்டுட்டோம்.

சரி, ஒரு தோட்டத்துக் கோயில் பேரு சூதாட்டக்காரனுக்கு எதுக்கு? குழுவில் ஒருத்தரோட மகள் கணினி படிக்கிற பிள்ளை. அதுதான் அலசிப் பார்த்துச் சொல்லுச்சு. "நீங்க வாங்கின 300 இணைப்புக்காக இல்ல அங்கிள். நீங்க வாங்காத 11 இணைப்பு இருக்கு, அதுக்காகத்தான்."

அந்தப் 11 எதுன்னு கேட்டீங்கன்னா, பக்கத்துத் தமிழ்ப்பள்ளியோட பக்கம். அந்தப் பள்ளி முன்னாள் மாணவர்கள். அக்கம்பக்கத்துக் கோயில்கள் ரெண்டு. தோட்டங்களைப் பத்தி எழுதின ஒரு பல்கலைக்கழக மாணவி. திருவிழாச் செய்தி போட்டவங்க. இப்படி நம்மைத் தெரிஞ்சவங்க, அன்னதானம் சாப்பிட்டவங்க, தானா வெச்ச இணைப்புகள். அந்த நம்பிக்கை இருக்கிறதனாலதான் காலாவதியான பேரைத் தேடித் தேடி வாங்குறாங்களாம். 2024 மார்ச்சில் கூகளும் இதை ஒரு தனிக் குற்றமா தன் விதியில் சேர்த்தது. ஆனா விதி வர்றதுக்கும் பக்கம் தேடலில் இருந்து மறையறதுக்கும் நாள் ஆகுமே.

உண்மையைச் சொன்னா, அன்னிக்குத்தான் வெக்கமா இருந்துச்சு. காசு கொடுத்து வாங்கினதை எண்ணிக்கிட்டு இருந்தோம். சும்மா வந்த சொத்தைப் பூட்டாம விட்டுட்டோம்.

அப்புறம் செஞ்சது எல்லாம் கால்நடை வேலை. புதுப் பேரு ஒண்ணை ஆலயத்தோட பேர்லயே பதிவு பண்ணோம். 600 குடும்பத்துக்கும் போன் போட்டும் புலனத்துல செய்தி அனுப்பியும் மன்னிப்புக் கேட்டோம். அந்தப் 11 இணைப்பையும் ஒரு தாள்ல எழுதி, அழைப்பிதழ் வைக்கப் போற மாதிரியே ஒவ்வொரு இடமா போனோம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜான்னு ஷிப்டு முடிஞ்ச கையோட கிளம்புவோம். பள்ளியில் அன்னிக்கே மாத்திக் கொடுத்தாங்க. ஒரு கோயில்ல டீ கொடுத்து உட்கார வெச்சு, "எங்க வரைபடமும் தப்பாத்தான் இருக்கு, அதையும் பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். அதையும் சரி பண்ணிட்டு வந்தோம். 11-ல 10 மாத்தியாச்சு. ஒண்ணு எழுதினவர் யாருன்னே கண்டுபிடிக்க முடியல. அது இன்னிக்கும் பழைய முகவரியைத்தான் காட்டுது.

மற்ற கோயில் தொண்டர்களுக்குச் சொல்ல விரும்புறது இதுதான்:

1. அகப்பக்கப் பேரு ஆலயத்தின் பேர்ல, ஆலயத்தின் மின்னஞ்சலில் இருக்கட்டும். கடவுச்சொல் ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்கக் கூடாது. புதுப்பிக்கிற தேதியைக் கணக்குப் புத்தகத்துல எழுதுங்க. டாட் காம் பேரு காலாவதியாகி நீக்கப்பட்டாலும் மீட்க 30 நாள் அவகாசம் உண்டு. அபராதம் போல கூடுதல் கட்டணம் கேட்பாங்க, ஆனா பேரு மிஞ்சும்.

2. கூகள் வரைபடத்துல கோயிலைப் பதிவு பண்றது இலவசம். பக்கத்துல இருக்கிற கோயிலைத் தேடும்போது கூகள் மூணு விஷயம் பார்க்குது: தேடினதுக்குப் பொருத்தமா, எவ்வளவு தூரம், எந்த அளவுக்குத் தெரிஞ்ச இடம். முதல்ல இடத்தைச் சரியா வையுங்க. நடை திறக்கிற நேரம், படம் போடுங்க.

3. சர்ச் கன்சோல்னு கூகளே ஒரு கருவி இலவசமா கொடுக்குது. நம்மை யார் சுட்டிக் காட்டுறாங்கன்னு அதுல தெரியும். மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க.

4. பக்தருக்குப் பயன்படுறதை எழுதுங்க. எங்க பக்கத்துல இப்ப சுத்துவட்டாரக் கோயில் திருவிழாத் தேதி, பழைய லயத்துப் படங்கள், தோட்டத்துல இருந்த குடும்பங்களோட கதை எல்லாம் இருக்கு. அதைப் பார்த்துட்டுத்தான் மத்தவங்க நம்ம பக்கத்தைச் சொல்றாங்க. தேடலில் முன்னாடி வரணும்னு மட்டும் கோயிலுக்குக் கோயில் பட்டியல் மாத்திக்கிறதையும் கூகள் ஏத்துக்காது.

5. அச்சடிக்கும் முன்னாடி கியூஆர் கட்டத்தை மூணு பேர் மூணு கைப்பேசியில் திறந்து பாருங்க.

இப்போ தேடினா நம்ம கோயில் முதல்ல வருதான்னு கேட்பீங்க. கோயில் பேரைப் போட்டுத் தேடினா வருது. "மலாக்கா கோயில்"னு தேடினா வராது. வரவும் வேண்டாம். பொய்யாத விநாயகர் அங்க இருக்கட்டும். நம்மைத் தேடுறவங்களுக்கு வழி தெரிஞ்சா நமக்குப் போதும்.

போன வருஷத் திருவிழாவுக்கு அந்தப் பாட்டி வந்தாங்க. வாசல்ல ஒட்டியிருந்த புதுக் கட்டத்தைப் பேரனை விட்டு ஸ்கேன் பண்ணச் சொன்னாங்க. அவன் திரையைக் காட்டினான். பால்குடம் காலை 7 மணி, அன்னதானம் மதியம் 12 மணி. அதுக்குக் கீழே பழைய லயத்துப் படம். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. "நாலாவது கதவு எங்க வீடு" என்றார்கள்.

பக்தர்களே, உங்க வீட்டுல பழைய தோட்டத்துப் படம் இருந்தா அனுப்புங்க. கோயிலைப் பத்தி எங்கேயாவது எழுதினா புது முகவரியைப் போடுங்க. பழைய முகவரி எங்கேயாவது கண்ணுல பட்டா உடனே எங்களுக்குச் சொல்லுங்க. காசு வேண்டாம். நீங்க சொல்ற ஒரு வார்த்தைதான் ஆத்தா பேருக்குச் சாட்சி.

அன்புடன்,
ஆலயத் தொண்டூழியர்கள்