எண்ணெய் தின்னும் பாக்டீரியாவும் எண்ணூர்ச் சேறும்



போன வாரம் காட்டுக்குப்பத்திலிருந்து பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், எண்ணெய் தின்னுற பாக்டீரியா இருக்குன்னு கிளாஸ்ல சொன்னீங்களே, அதை ஆத்துல கொட்டினா இறால் பழையபடி கிடைக்குமா?" 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு வந்த எண்ணெயில் அவன் வலை, படகு எல்லாம் கறுத்துப்போனது. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

1998-ல் வெளியான ஒரு சோதனை. ரெய்னி, டிராவிசானோ என்ற இரு விஞ்ஞானிகள், மண்ணிலும் செடியிலும் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியாவில் ஒரே வகையை எடுத்துக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்தார்கள். சிலவற்றை ஓயாமல் குலுக்கினார்கள். அதில் எங்கும் ஒரே சூழல், பாக்டீரியாவும் ஒரே மாதிரியே இருந்தது. அசையாமல் வைத்த குப்பியில் மேலே காற்று அதிகம், அடியில் குறைவு. சில நாளிலேயே மூன்று வகையாகப் பிரிந்துவிட்டது! ஒரு வகை பாலாடை மாதிரி மேலே படர்ந்து காற்றைப் பிடித்துக்கொண்டது. பாக்டீரியா யோசித்து மாறுவதில்லை. பெருகும்போது தற்செயலாக வரும் மாற்றங்களில், அந்தந்த இடத்துக்குப் பொருந்தியது பிழைக்கிறது. (டார்வின் பாடத்தில் தூங்கியவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவிருக்கிறது.)

நம் ஆற்றுச் சேறும் அசையாத குப்பிதான். எண்ணெயை வேகமாகத் தின்னும் வகைகளுக்குக் காற்று வேண்டும், தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டும். 2017 ஜனவரி 28-ல் எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, வாளியில் அள்ளிய கசடைக் கரையில் கொட்டி, இப்படிப்பட்ட பாக்டீரியாவைக் கலந்தார்கள். கரையில் கிளறிவிடலாம், காற்றுப் படும். அலையாத்தி வேருக்கு அடியில் யார் போய்க் கிளறுவது? அங்கே காற்றில்லாமல் வாழும் வகைகள்தான் இருக்கும். அவை எண்ணெயைச் சிதைப்பது மிக மெதுவாக. அமெரிக்காவில் வெஸ்ட் ஃபால்மத் சதுப்பில் 1969-ல் கொட்டிய எண்ணெய், 30 வருடம் கழித்தும் சேற்றுக்குள் இருந்தது.

அதனால், "பாக்டீரியா பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், எந்த ஆழத்தில், எத்தனை வருடத்தில் என்று கேட்கச் சொன்னேன். சேற்றை ஆழம் வாரியாகச் சோதித்து, முடிவை ஊராரிடம் சொல்லும்படி மனு எழுதப் போகிறானாம். எழுத்துப்பிழை திருத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறான்.