ஆச்சிக்கு ஒரு புடிங்

ஆனி மாதத்தில் நாகபூசணி அம்மனுக்குக் கொடியேறிவிட்டால் நயினாதீவில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குத் தனிச் சட்டம் வந்துவிடும். திருவிழா முடியும்வரை மச்சமும் முட்டையும் படலைக்குள் நுழையலாகாது. அத்தகைய நாளொன்றில், கொழும்பிலிருந்து வந்த தமக்கை மகன் தன் பிறந்தநாளுக்குப் புடிங் வேண்டுமென்று அடம்பிடித்தான். அதை ஆச்சியும் உண்ண வேண்டுமாம்!

எனக்கு அச்சம் இல்லாமலில்லை. முன்னொரு திருவிழாவில், முட்டை சேர்ந்த கேக் துண்டொன்றை அறியாமல் ஆச்சிக்குக் கொடுத்துவிட்டேன். உண்மை தெரிந்தபோது அவர் ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. மறுநாள் முழுவதும் நீர் மட்டும் அருந்தி இருந்தார். ஏசியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும்.

புடிங்கின் பூர்வீகத்தைக் கேட்டால் சைவர்கள் காதைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். பழைய இங்கிலாந்தில் அப்பெயர் பெற்றிருந்தது, விலங்கின் குடலுள் இறைச்சியும் இரத்தமும் அடைத்து அவித்த பண்டம். 17ஆம் நூற்றாண்டில் துணியிற் கட்டி அவிக்கும் வழக்கம் பரவிய பின்னரே மாவும் பழமும் அதிற் பெரிதும் இடம்பெற்றன. நம் நாட்டு முஸ்லிம் அன்பர்களின் பெருநாள் வட்டிலப்பமும் ஆவியில் அவித்த புடிங்கே. ஆனால் அதற்கு முட்டையே உயிர்.

என்னைக் காப்பாற்றியவர் பேர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் அல்பிரட் பேர்ட். அவருடைய மனைவிக்கு முட்டை ஒவ்வாது. ஆகவே 1837இல், சோள மாவைக் கொண்டு முட்டையில்லாத கஸ்டர்ட் மாவை அவர் ஆக்கினார்.

பசுப்பால் 500 மில்லிலீற்றரில் சிறிதளவை ஆறியபடியே எடுத்து, 4 மேசைக்கரண்டி கஸ்டர்ட் மாவைக் கட்டியின்றிக் கரைத்தேன். சூடான பாலில் மாவைக் கொட்டினால் கட்டிபட்டுவிடும். மீதிப் பாலை 2 கரண்டி சீனியுடன் காய்ச்சி, கரைசலை ஊற்றிக் கைவிடாது கிளறினேன். தடித்துக் கொதித்ததும் கிண்ணங்களில் வார்த்து ஆறவிட்டேன். பனங்கட்டியைக் கொதிக்கும் பாலில் இடத் துணியவில்லை. சில வேளை பால் திரிந்துவிடும். குட்டான் ஒன்றைப் பிரித்துத் தனியே பாணியாகக் காய்ச்சி, வடித்து, பரிமாறும்போது மேலே ஊற்றினேன்.

ஆச்சி கரண்டியைத் தொடவில்லை. "பிள்ளை, இதுக்குள்ள முட்டை கிட்டை இல்லைத்தானே?"

நான் கஸ்டர்ட் மாப் பெட்டியையே எடுத்துவந்து, அதிலிருந்த பொருட்பட்டியலை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டு முடித்தபின் ஒரு வாய் உண்டார். சற்று நேரம் பேச்சில்லை.

"பாணி இன்னும் கொஞ்சம் விடு," என்றார்.