வூவ்ரேயும் கொரமீனும்

ஹைதராபாத்தில் மதுக்கடைக்குப் பெயர் ‘வைன்ஸ்’. தெருவுக்குத் தெரு பலகை உண்டு. பீர், விஸ்கி, பிராந்தி எல்லாம் இருக்கும், ஒயின்தான் பெயரளவுக்கு. எங்கள் முனைக்கடையில் வெள்ளை ஒயின் கேட்டேன். “வைட் லேது சார், ரெட் உந்தி” என்று ஒரு போர்ட் ஒயின் பாட்டிலை எடுத்து, பனியனில் தூசி துடைத்து வைத்தான் பையன். வாங்காமல் வந்தேன். பாரிஸிலிருந்து வந்த நண்பன் கொடுத்த வூவ்ரே ஒன்று வீட்டில் இருந்தது.

*

வூவ்ரே என்பது ஊர்ப்பெயர். லுவார் ஆற்றங்கரை, தூர் நகரத்துக்குப் பக்கம். கோட்டை கட்ட வெட்டிய சுண்ணாம்புப் பாறையில் விழுந்த குகைகளே அங்கே ஒயின் நிலவறைகள். 1936 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு. திராட்சை செனின் பிளாங்க். அந்த வருஷத்து வெயிலைப் பார்த்து, இனிப்பில்லாத ‘செக்’, அரை இனிப்பு ‘தெமி-செக்’, தேன் மாதிரி ‘முவல்லூ’ என்று எடுப்பார்கள். மூன்றிலும் புளிப்பு மட்டும் குறையாது. என்னிடம் இருந்தது தெமி-செக்.

*

மே மாதம், நாற்பது டிகிரி. ஃப்ரீசரில் வைத்து மறந்துபோய், தக்கை விரல்கடை அளவு வெளியே வந்துவிட்டது. குல்பிக்காரர் வழிதான் சரி: குண்டானில் ஐஸ், தண்ணீர், இரண்டு கை கல்லுப்பு. இருபது நிமிஷம் போதும்.

*

லுவார்க்காரர்கள் இதை ஆற்று மீனோடு குடிப்பார்கள். சின்ன வெங்காயத்தை வினிகரில் சுண்டவைத்து, வெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துச் சேர்த்த சாறு மீன்மேல் வழியும். நடுவில் வைக்கோல் குச்சி செருகிய சேந்த்-மோர் என்ற ஆட்டுப்பால் சீஸும் உண்டு. (மோருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

நமக்கும் இங்கே கடல் இல்லை, ஏரி மீன்தான். கொரமீனு, அதாவது நம் விரால், தெலங்கானாவின் மாநில மீன். முள் எடுத்து, சோளமாவும் முட்டையும் பூசிப் பொரித்து, தயிர், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு புரட்டினால் அப்போலோ ஃபிஷ். இந்த ஊர் பார்களின் தட்டு. பெயர்க்காரணம் கேட்டால் ஆளுக்கொரு கதை.

இதற்குத்தான் வூவ்ரே பொருந்தியது. அங்கே வெண்ணெயை அறுக்கும் புளிப்பு இங்கே எண்ணெயை அறுக்கிறது. ஆல்கஹால் மிளகாய்க் காரத்தைத் தூண்டிவிடும், ஆனால் அந்த அரை இனிப்பு காரத்தின் தலையில் தட்டி உட்காரவைக்கிறது. மசாலா சாப்பாட்டுக்கு ஒயின் ஆகாது என்பவர்கள் மரப்பீப்பாயில் ஊறிய கனத்த ஒயினோடு சாப்பிட்டிருப்பார்கள்.

*

மிர்ச்சி கா சாலன்: புளி, எள், வேர்க்கடலை. வூவ்ரே தாக்குப்பிடித்தது. முன்பொரு தரம் இதே சாலனுக்கு எதிரில் புளிப்புக் குறைந்த ஒரு ஒயின் வெறும் தண்ணீராகிப் போயிற்று.

குபானி கா மீட்டா: தோல்வி. சர்க்கரைப் பாகில் ஊறிய ஆப்ரிகாட்டுக்குப் பிறகு குடித்தால் தெமி-செக் எலுமிச்சைச் சாறு. அதற்கு முவல்லூ வேண்டும்.

ஹலீம்: சேர்த்துப் பார்க்கவில்லை. ரம்ஜான் மாதத்துப் பண்டம், மனசு வரவில்லை.

*

அடுத்த பாட்டிலுக்குப் பாரிஸ் வேண்டாம். நாசிக்கில் 2000-லேயே சூலா செனின் பிளாங்க் போட்டுவிட்டது. ஹைதராபாத்துக்கும் சொந்தமாக வெள்ளைத் திராட்சை உண்டு, அனாப்-ஏ-ஷாஹி. நீளப் பழம், உள்ளே விதை. ஒரு காலத்தில் நகரைச் சுற்றிப் பந்தல் பந்தலாகத் தொங்கியது. இப்போது பந்தல் இருந்த இடமெல்லாம் அபார்ட்மெண்ட்.

*

மேல்வீட்டுக்காரர் நல்கொண்டா. ஒரு வாய் குடித்துப் பார்த்து, “ஈத்த கல்லு லாகுந்தி” என்றார். ஈச்சங்கள் மாதிரியாம். புளிப்பும் இனிப்பும் சேர்ந்து வருவதை நினைத்தால் மறுக்க முடியவில்லை. அதற்கு உங்கள் ஊரில் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்டேன். போட்டி வறுவல் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை கள்ளு காம்பவுண்டுக்குக் கூட்டிப்போகிறார்.