முதலில் கம்பியைப் பாருங்கள்

பெர்லினில் நல்ல கபாப் தேடுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "அசல் துருக்கிக் கடை எது?" என்றுதான். அந்தக் கேள்வியால் அங்கே பயன் குறைவு என்பது என் கருத்து. ரொட்டியைப் பிளந்து, இறைச்சியும் முட்டைக்கோஸும் சாஸும் அடைத்துக் கையில் தரும் பெர்லின் டோனர், குடியேறியவர்கள் வளர்த்தெடுத்த பண்டம். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதற்கு முன்பே துருக்கியிலிருந்து வந்து குடியேறியிருந்த காதிர் நூர்மன், 1972இல் ஸூ ரயில் நிலையத்தருகே இதை விற்கத் தொடங்கினார் என்பார்கள். அந்தப் பெருமைக்கு உரிமை கோருகிற வேறு சிலரும் உண்டு. யார் முதலில் செய்திருந்தாலும், உட்கார்ந்து உண்ண நேரமில்லாத நகரத்துக்காகச் செய்தது அது. துருக்கியின் பர்சா நகரத்து இஸ்கந்தர் கபாப்போ தட்டில் வருவது: ரொட்டித் துண்டுகளின் மேல் இறைச்சி, தக்காளிச் சாறு, உருக்கிய வெண்ணெய், பக்கத்தில் தயிர். அதை அளவுகோலாக வைத்து பெர்லின் ரொட்டியைக் குறை சொன்னால் இரண்டையும் புரிந்துகொள்ளவில்லை என்றே பொருள்.

பெயரும் உதவாது. துருக்கி மொழியில் டோனர் என்றால் சுழல்வது. கிரேக்கர்களின் கீரோஸ், நமக்குப் பழகிய ஷவர்மா ஆகிய பெயர்களுக்கும் சுழற்சியே வேர். ஆகவே கண் போகவேண்டிய இடம் சுழலும் கம்பிதான். நல்ல கம்பியில் மெல்லிய இறைச்சி வில்லைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோக்கப்பட்டிருக்கும். துருக்கியர் இதை 'யாப்ராக்' என்பார்கள். இலை என்று பொருள். அதன் ஓரங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், தசையின் நார் தெரியும், இடையிடையே கொழுப்பு வெள்ளையாகக் கோடிடும். அரைத்த இறைச்சியை இறுக்கிச் செய்த கம்பியோ பூசிய சுவர் போல வழவழப்பாக, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறத்தில் நிற்கும். சீவினால் ஒரே அகலத்தில் நீள நாடாவாக வரும். இந்த வேறுபாட்டை ஜெர்மனியின் உணவு நெறிமுறையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மாடு, கன்று, ஆட்டு இறைச்சியில் செய்யும் டோனரில் அரைத்த பங்கு 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதை டோனர் என்று விற்கக் கூடாது. 'டிரேஷ்பீஸ்', அதாவது சுழல்கம்பி இறைச்சி என்றே எழுதவேண்டும். விலைப்பலகையில் அந்தச் சொல் இருந்தால் கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். அடுத்தது நேரம். வெளிப்புறம் சிவந்து மொறுமொறுப்பான பிறகு சீவுவதில்தான் ருசி இருக்கிறது. ஆளில்லாத கடையில் அந்தப் பரப்பு காய்ந்துபோகும். மதியச் சாப்பாட்டு வேளையில், சீராக ஆள் வந்துபோகும் கடையே நல்லது.

வரிசை நீளமாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கூட்டம் அளவுக்கு மீறினால் சிவக்கும் முன்பே சீவத் தொடங்கிவிடுவார்கள். பிறகு கிடைப்பது வெந்த இறைச்சி, சுட்ட இறைச்சி அல்ல. தவிர, வழிகாட்டிகளில் இடம்பெற்ற கடையின் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் என்னையும் உங்களையும் போன்ற பயணிகள். இதைவிடக் கனமான மறுப்பு விலை பற்றியது. வில்லை இறைச்சிக்குக் கூடுதல் விலை கொடுக்க மாணவரால் முடியுமா? இது நியாயமான கேள்வி. டோனர் உழைப்பாளிகளின் மலிவு உணவாக வளர்ந்தது. 2024இல் ஜெர்மனியின் இடதுசாரிக் கட்சி அதன் விலைக்கு 4.90 யூரோ உச்சவரம்பு கேட்டது. அரைத்த இறைச்சியை மலிவாக விற்பதில் தவறில்லை, பசித்தவருக்கு அது நல்ல உணவே. அதை டோனர் என்று சொல்லி டோனர் விலைக்கு விற்பதைத்தான் ஏற்க முடியாது.

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு இன்னொரு செய்தி உண்டு. பெர்லினில் டோனர் என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் கன்று அல்லது மாட்டிறைச்சிதான் வரும். மாடு வேண்டாதவர்கள் கோழி என்பதற்கு 'ஹென்ஷென்' என்று சொல்லிக் கேளுங்கள். கிரேக்கக் கடைகளின் கீரோஸ் அங்கே பெரும்பாலும் பன்றி இறைச்சி. பார்வைக்கு இரண்டு கம்பிகளும் ஒன்றுபோலவே இருக்கும், கேட்காமல் வாங்காதீர்கள்.